மூலம் உள்ளே போகவில்லை

விபத்தைத் தடுப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. தென்காசியில் இறங்க வேண்டிய நான் தூங்கிப்போய்ச் செங்கோட்டையில் இறங்கினேன். ரயில் அதற்கு மேல் போகாது, அதனால் அங்கேயாவது இறங்கினேன். போனில் இரண்டு அலாரம் வைத்திருந்தேன். இரண்டும் அடித்திருக்கின்றன, இரண்டையும் நானே அணைத்திருக்கிறேன். எதிர் இருக்கைக்காரர் தன் பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னார்: "தென்காசி வந்ததும் எழுப்புனேன்லா. 'எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டிய."

வெளியே சாரல். சென்னையில் நாலு துளி விழுந்தால் கடை முகப்பில் ஒதுங்கி நின்று வானத்தைத் திட்டுவோம். இங்கே யாரும் குடையைக்கூட விரிக்கவில்லை. ஆட்டோக்காரர் இலத்தூர்க்காரராம், கேரளச் சவாரி நிறைய ஏற்றி என்னையும் சேச்சி ஆக்கிவிட்டார்.

"மீட்டர் உண்டா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இங்கன எவன் சேச்சி மீட்டர் போடுதான்?"

நான் வைத்திருந்தேன், ஆனால் அது வேறு மீட்டர். கதிர்வீச்சை அளக்கும் கருவி. வழியில் ஒரு பள்ளத்தில் ஆட்டோ குதித்தபோது அதன் பொத்தான் அழுந்தி, பைக்குள்ளிருந்து 'டிக்... டிக் டிக்' என்று ஆரம்பித்தது. மண்ணிலும் பாறையிலும் இயல்பாக இருக்கும் கதிர்வீச்சுக்கே அது அவ்வப்போது இப்படி முனகும். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"சேச்சி, பைக்குள்ள பல்லி கெடக்கு."

"பல்லி இல்லீங்க. கருவி."

"எந்தப் பக்கம் சொல்லுது? வலதுன்னா போற காரியம் செயம்."

பை என் இடது பக்கம் இருந்தது. நான் அறிவியல் படித்தவள். இருந்தாலும் பையை மெதுவாக வலது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

போற காரியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். குத்துக்கல்வலசையில், முந்தாநாள்வரை வயலாக இருந்த இடத்தில் ஒரு தனியார் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியிருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உடலுக்குள்ளிருந்தே கதிர்வீச்சு கொடுக்கும் கருவி வந்திருந்தது. பார்க்க ஒரு தடித்த உலோகப் பெட்டி. உள்ளே நீளமான கம்பி, கம்பியின் நுனியில் அரிசி அளவில் கதிர்வீச்சுப் பொருள். வெளியிலிருந்து பொத்தானை அழுத்தினால் கம்பி குழாய் வழியாக நோயாளியின் உடலுக்குள் போகும், சொன்ன நேரம் நிற்கும், திரும்பிப் பெட்டிக்குள் போய்விடும். அதுவரை அந்த அறையில் நோயாளியைத் தவிர ஈ காக்கை இருக்கக் கூடாது.

எப்போதாவது, எங்கேயாவது, அது திரும்பிப் போகாமல் நின்றுவிடும். அப்போது யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். ஒத்திகை சரியாக நடந்தது என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகே முதல் நோயாளிக்குச் சிகிச்சை என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. நல்ல முடிவுதான்.

அந்த முதல் நோயாளியை அன்று மதியமே கேன்டீனில் சந்தித்தேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சென்னையில் எங்கள் நங்கநல்லூரில் உளுந்து என்றால் இட்லி அல்லது வடை, சோறாக அதைப் பார்த்ததில்லை. இரண்டாவது முறை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரில் இருந்த அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், அக்கறையாகக் கேட்டார்:

"உங்களுக்கு எங்க?"

"நங்கநல்லூர்."

அவர் என்னைத் தலையிலிருந்து வயிறுவரை பார்த்தார். "அது எந்த எடம்?"

விளங்கியதும் இருவரும் சிரித்தோம். பெயர் பேச்சியம்மாள், ஊர் கடையம், கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சைத் திருவனந்தபுரத்தில் ஐந்து வாரம் தங்கி முடித்துவிட்டார். இனி உள்ளே வைக்கும் சிகிச்சை, வாரம் ஒன்றாக மூன்று தடவை. முதல் தடவை நாளை மறுநாள் மாலை நாலு மணிக்கு. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"இங்கன முடியலைன்னா மறுபடி திருவனந்தபுரம் போணுமாம்," என்றார் பேச்சியம்மாள். "நான் ரயிலேற மாட்டேன் பாத்துக்கிடுங்க. அஞ்சு வாரம் பாஷை தெரியாம, சாமம் தெரியாம கெடந்தது போதும். இங்கன நடந்தா நடக்கட்டும். இல்லைன்னா வீட்டுக்குப் போயிருவேன்."

வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டாவது தட்டு உளுந்தஞ்சோற்றில் பாதியை மிச்சம் வைத்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

மறுநாள் காலை ஒத்திகை. கருவிக்குப் பொறுப்பான இயற்பியலாளர் இசக்கிராஜ், முப்பதைத் தொடாதவர். முந்தைய நாள் அவரிடம் எதைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'அவசரகால நடவடிக்கை: பத்துப் படிகள்.' பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை எழுதியவள் நான். சில வருடங்களுக்கு முன்னால், ஆங்கிலத்தில் இருந்ததைப் பிடிவாதமாக நல்ல தமிழில் எழுதிப் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பினேன். 'சோர்ஸ்' என்று எல்லோரும் சொல்வதை 'மூலம்' என்று மாற்றினேன். சென்னையில் ஒருவர்கூட அதைக் குறை சொன்னதில்லை.

அறிவிப்பு செய்யும் பொறுப்பு காவலர் சண்முகையா அண்ணாச்சிக்கு. தென்காசி பேருந்து நிலையத்தில் வண்டி போகும் ஊரைச் சொல்லிப் பயணிகளை அழைத்துக்கொண்டிருந்தவர். அந்தக் குரலுக்காகவே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். நோயாளியாக ஒரு தலையணை, மருத்துவமனை அங்கி போட்டு மேசைமேல் கிடத்தப்பட்டது. ஒத்திகையில் உண்மையான கதிர்வீச்சுப் பொருள் வெளியே வராது, வெறும் கம்பிதான். ஆனால் எல்லாம் நிஜம்போல நடக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு ஆள் உள்ளே போகும் நேரத்தில் எதிரே உள்ள காத்திருப்புக் கூடம் காலியாக இருக்க வேண்டும். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள், பேச்சியம்மாளும் பரிசோதனைக்காக வந்து உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு இது ஒத்திகை என்று முன்கூட்டியே சொல்லவில்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, மணி அலறியது. சண்முகையா அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, என் தாளை ஒரு எழுத்து பிசகாமல், முன்னால் மட்டும் தன் பழைய வாசகத்தைச் சேர்த்து வாசித்தார்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூலம் வெளியே வந்துவிட்டது. மூலம் உள்ளே போகவில்லை. அனைவரும் அமைதியாக வெளியேறவும்."

அமைதி இருந்தது, வெளியேற்றம்தான் இல்லை. இருபது பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்கள் முகத்தில் வந்தது பயமல்ல, இரக்கம்.

"யாருக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"இதப்போயி மைக்குல சொல்லுதானே, பாவம்," என்றாள் ஒருத்தி.

"துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கி வச்சுக் கட்டச் சொல்லுங்க. தானா உள்ள போயிரும்."

"கருணைக்கிழங்கும் திங்கணும்."

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அப்பாடா, ஒருவராவது என்று நினைத்தேன். அவர் அண்ணாச்சியிடம் போய், "சொரண்டை வண்டியா?" என்று கேட்டார்.

சென்னையில் ஏன் ஒருவரும் குறை சொல்லவில்லை என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. ஒருவரும் படிக்கவில்லை. முதன்முதலாக என் தமிழை வாய்விட்டுப் படித்தவர் சண்முகையா அண்ணாச்சி.

உள்ளே இசக்கிராஜ் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தார். நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். கம்பி திரும்பவில்லை என்று எழுதிய அட்டையை நான் காட்டினேன். மீட்டரோடு உள்ளே ஓடினார், கைப்பிடியைச் சுற்றினார். அதுவும் வேலை செய்யவில்லை என்று அடுத்த அட்டை. குழாயை நோயாளியிடமிருந்து கழற்றி, கம்பியோடு ஈயப் பாத்திரத்தில் போட்டு மூடினார். வெளியே வந்தார், கதவைப் பூட்டினார், 'உள்ளே வராதீர்' பலகையை மாட்டினார், நேரத்தைக் குறித்தார். வியர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நோயாளி எங்கே?" என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. கண்காணிப்புத் திரையில், அங்கி போட்ட தலையணை மேசைமேல் நிம்மதியாகக் கிடந்தது.

"படி பிரகாரம்தான மேடம் செஞ்சேன்," என்று சுவரைக் காட்டினார். சுவரில் இருந்த தாளைப் படித்துப் பார்த்தேன். ஒன்பது படிகள் இருந்தன. ஒன்பதாவதுக்குக் கீழே, மூலையில், பொடி எழுத்தில், 'பின்பக்கம் பார்க்க' என்று போட்டிருந்தது. பின்பக்கம் சுவரோடு பசையில் ஒட்டியிருந்தது. நோயாளியை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற பத்தாவது படியைப் பின்பக்கம் தள்ளியவளும் நான்தான். மூலம், பின்பக்கம் பார்க்க. இதற்கு மேல் ஒருத்தி தன் பெயரைத் தானே எப்படிக் கெடுத்துக்கொள்ள முடியும் என்று தெரியவில்லை.

அதற்குள் இசக்கிராஜ் கதவைத் திறந்து, தலையணையை இடுக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக ஓடினார். ஒத்திகை என்று அப்போதுதான் விளங்கி, கூடம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். சிரிக்காத ஒரே ஆள் பேச்சியம்மாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"அந்தத் தலையாணி நானா?" என்று கேட்டார்.

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"மூலம் உள்ள போகுது, போகல, அது கெடக்கட்டும். நான் உள்ள கெடந்தா எனக்குன்னு யாரு வருவா?"

இத்தனை வருடத்தில், எத்தனையோ ஒத்திகையில், இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். பேச்சியம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறவர் உட்காரும் மாதிரி, நாற்காலியின் நுனியில்.

மருத்துவமனை மேலாளர் மிக நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். "சின்ன விஷயந்தான மேடம்," என்றார். "தலையாணியத்தான விட்டுட்டான். மனுசனா இருந்தா விட்டுருவானா? இந்த அம்மாவுக்கு நாளைக்கு நாலு மணி. நீங்க கையெழுத்துப் போடலைன்னா அவங்க எங்க போவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "சீசனுக்கு வந்துட்டு அருவியில குளிக்காமப் போகக் கூடாது. குளிச்சுட்டு வந்து பேசுவோம்," என்று காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். முந்தைய நாள் கேரள எல்லைப்பக்கம் கூட்டிப்போய்ப் பரோட்டாவும் மிளகுக் கோழியும் வாங்கிக்கொடுத்தவர் வேறு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். மிளகு இட்டவரை அதற்கு மேலும் நினைக்க வேண்டியிருந்தது.

குற்றாலத்தில் மேலாளர் மரத்தடியில் நின்றுகொண்டார். நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பெருந்திரளான பெண்களோடு பேரருவிக்குள் நுழைந்தேன். தோளில் விழுந்த முதல் அடியில் மூச்சு நின்றது, அடுத்த அடியில் கவலை நின்றது. சென்னையில் நாங்கள் குளிப்பது வாளியில். இங்கே மலையே எழுந்து வந்து முதுகு தேய்த்துவிடுகிறது. கையெழுத்து, தலையணை, தாள் எல்லாம் கழுவிக்கொண்டு போயின.

சைரன் ஊதியது. கேட்டது, தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் ஒருத்தி, "தண்ணி கூடுது, வாங்கக்கா," என்று என் கையைத் தொட்டுவிட்டு ஓடினாள். சாதாரணமாக எவ்வளவு நேரம் அவகாசம் இருக்கும் என்று நானே மனதுக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் ஒரு நிமிடம் என்று முடிவு செய்தேன். கூட்டம் விலகியதால் நல்ல இடம் வேறு கிடைத்திருந்தது.

காக்கி நனைய ஒரு பெண் காவலர் வந்து என் மேல்கையைப் பிடித்தார், எண்ணெயில் வழுக்கியது. இரண்டாவது பிடியில் புடவையோடு சேர்த்து இழுத்துப் படிக்குக் கொண்டுவந்தார்.

"யம்மா, சைரன் கேக்கலையா?"

"கேட்டதுங்க."

"பொறவு?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. நான் நின்ற இடம் தெரியவில்லை. என் துண்டும் ஒரு செருப்பும் போய்விட்டன. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பதை என் வயதில் இப்படி எண்ணெய் வழிய நின்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

காரில் ஏறியதும் மேலாளர் மங்குஸ்தான் பையை நீட்டினார். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னேன்: "இன்றைய ஒத்திகைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக் காலையில் மறுபடி வைப்போம். அதிலும் தேறவில்லை என்றால் நாலு மணிக்கு எதுவும் நடக்காது." அவர் பழப் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பேச்சியம்மாளை நினைத்தபோது மங்குஸ்தான்கூடக் கசந்தது.

மாலையே கட்டுப்பாட்டு அறையில் கூடினோம். இசக்கிராஜ், சண்முகையா அண்ணாச்சி, செவிலி ஜெபா, நான். ஒற்றைச் செருப்போடு வந்த என்னைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அது அந்த ஊரின் மரியாதை. இசக்கிராஜ் சுவரிலிருந்து தாளைச் சுரண்டி எடுத்தார். முதல் பிரச்சினை, மூலத்துக்கு வேறு சொல். நான் 'மணி' என்றேன். அரிசிமணி மாதிரிதானே இருக்கிறது.

"மணி வெளிய வந்துட்டான்னா சந்தோசந்தான் படுவாங்க," என்றாள் ஜெபா. "ரெண்டாம் மாடியில வார்டு பாக்குத மணி அண்ணன், எங்கயாவது போயி ஒளிஞ்சுக்கிடுதாரு."

'விதை', 'துகள்', 'பொருள்' என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொன்னார்:

"மேடம், கோவிச்சுக்கிடாதிய. அவங்களுக்கு எதுக்கு அது என்னன்னு சொல்லணும்? பஸ் ஸ்டாண்டுல நான், கியர் பாக்ஸ் போயிட்டு, ஆயில் ஒழுகுதுன்னா சொல்லுவேன்? 'இந்த வண்டி போகாது, அடுத்த வண்டி அங்கன நிக்குது, ஏறுங்க'ம்பேன். எங்க போணும்னு தெரிஞ்சாத்தான் சனம் எந்திரிக்கும்."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதே பாடத்தை நான் மூன்று நாள் வகுப்பாக எடுப்பேன், அதிலும் இது வராது. மைக்கில் சொல்வதை வெட்டிக் குறைத்தோம். சொல்லிவிட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கக் கூடாது, அவரே முன்னால் நடக்க வேண்டும், நகராதவரைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். அருவிக் கதையைச் சொன்னேன். ஜெபா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

புதிய தாள் ஒரே பக்கம். முதல் வரியை இசக்கிராஜ் தன் கையால் பெரிதாக எழுதினார்: 'உள்ளே ஒருவர் இருக்கிறார்.'

மூன்றாம் நாள் காலை. தலையணை வேண்டாம் என்று சொல்லி, அங்கியைப் போட்டுக்கொண்டு மேசையில் நானே படுத்தேன். கதவு மூடியது. எத்தனையோ அறைகளின் கதவு கனத்தையும் சுவர்க் கனத்தையும் அளந்து எழுதியிருக்கிறேன். உள்ளே தனியாகப் படுத்தது இதுதான் முதல் தடவை. வெளிச் சத்தம் துளி இல்லை. விட்டத்தில் ஒரு கேமரா, அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். சிவப்பு விளக்கு எரிந்து மணி அலற ஆரம்பித்ததும், எல்லாம் பொய் என்று தெரிந்த நானே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று ஸ்பீக்கரையே பார்த்தேன். நேரம் குறித்துக்கொண்டிருந்த ஜெபா சொன்னபடி அது நாற்பது விநாடி. என்னைக் கேட்டால் ஒரு வாரம் என்பேன்.

கதவு திறந்தது. "மேடம், நான் வந்துட்டேன்," என்றது இசக்கிராஜின் குரல். கைப்பிடி, குழாய், ஈயப் பாத்திரம், எல்லாம் சரசரவென்று முடிந்தது. என்னைத் தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டும். தலையணைக்கு எடை கிடையாது, எனக்குப் பரோட்டாவும் உளுந்தஞ்சோறும் சேர்ந்த எடை. அவர் தூக்கிப் பார்த்தார், நான் அசையவில்லை. "ஜெபா, வாலே!" என்று பதற்றத்தில் அவளை ஆண்பிள்ளையாக்கிக் கத்தினார். இருவரும் விரிப்போடு சேர்த்து இழுத்து வண்டியில் போட்டார்கள். வண்டி நகரவில்லை, சக்கரத்தின் பிரேக்கை எடுக்கவில்லை. எடுத்ததும் அம்புபோலப் பாய்ந்து என் கால் கட்டைவிரலைக் கதவு நிலையில் இடித்தது. ஆனால் வெளியே வந்துவிட்டேன்.

கூடம் காலி. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சண்முகையா அண்ணாச்சி முன்னால் நடக்க, எல்லோரும் பின்னால் போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். "எல்லாரும் எந்திரிங்க, என் பின்னால வேப்பமரத்துக்கு வாங்க" என்பது மட்டும்தான் அறிவிப்பு. ஒருவரும் யாருக்கு, என்ன என்று கேட்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் போகாமல் கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றார், பேச்சியம்மாள்.

வண்டியில் எழுந்து உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், "நீங்க ஏன் போகலை? எல்லாரும் போகணும்."

"நீங்க வெளிய வாரியளான்னு பாக்கணும்லா," என்றார். "தலையாணிக்குப் பொறவு நீங்கதான்."

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். பிரேக்கைப் பழகிக்கொள்ள வேண்டும், ஒருவர் கூடத்தை விட்டுப் போகவில்லை. நோயாளியிடம் ஸ்பீக்கரில் யாராவது இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் பத்துப் படியில் எங்குமே இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். மத்தியானம் பிரேக்கை மட்டும் இன்னும் மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னேன். மூன்றிலும் வண்டி உடனே நகர்ந்தது. கையெழுத்துப் போட்டேன்.

என் ரயில் மாலையில்தான். நாலு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஓரமாக நின்றேன். பேச்சியம்மாள் உள்ளே போனார். குழாய்களைப் பொருத்திவிட்டு டாக்டர் வெளியே வந்து கருவியின் முன் அமர்ந்தார். கதவு மூடியது, விளக்கு சிவந்தது. இந்தத் தடவை கம்பியின் நுனியில் இருந்தது உண்மையான பொருள்.

ஜெபா மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, எங்க வீட்டுக் கத்தரிச் செடியில குருத்துல புழு விழுது. என்ன செய்யட்டும்?"

"வேப்பங்கொட்டைய இடிச்சு ஊற வச்சு அடி," என்றது உள்ளிருந்து குரல். "புழு இருக்க குருத்தக் கிள்ளித் தூரப் போட்டுரு. செடிக்கடியிலயே போட்டுறாத, மறுபடி ஏறிரும்."

எட்டு நிமிடம் கத்தரிக்காய்ப் பேச்சு நடந்தது. பூச்சி, உரம், முள்ளுக் கத்தரி, வரிக் கத்தரி. திரையில் எண்கள் இறங்கின. கம்பி திரும்பியது. விளக்கு பச்சையானது. அறைக்குள் இருந்த மீட்டர் அடங்கியது.

குழாய்களைக் கழற்றிய பிறகு பேச்சியம்மாளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் இசக்கிராஜைத் தேடியது.

"அது உள்ள போயிட்டா தம்பி?"

"போயிட்டும்மா. பெட்டிக்குள்ள போயிட்டு."

"நீ வரவே இல்லையே."

"வர வேண்டிய அவசியம் வரலைம்மா."

பேச்சியம்மாள் அவரை விடவில்லை. "வந்திருந்தா, நீ வந்திருப்பேல்லா?"

இசக்கிராஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் மனப்பாடமாகப் பதில் சொல்கிறவர். நான்தான் சொன்னேன்: "எட்டு நிமிடமும் அவர் உட்காரலைம்மா. கதவுமேல் கையை வச்சபடியே நின்னார்."

பேச்சியம்மாள் அவருடைய கால்களைப் பார்த்தார். பிறகு ஜெபாவிடம் சொன்னார்:

"அடுத்த வாரம் நான் வரும்போது அந்தக் கதவுகிட்ட ஒரு நாற்காலி போட்டு வையி. புள்ளைக்குக் கால் வலிக்கும்லா."